ரொம்ப நொண்டலையே

குதிரை நொண்டினால் எங்கள் வீட்டில் முதல் வேலையாக நொண்டவில்லை என்று சொல்லிவிடுவார்கள். இதில் என் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு வெள்ளைக் குதிரை, பெட்டை. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிறவள். மேளம் கேட்டால் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்து ஆடுவாள். கூட்டிக்கொண்டு போய் விசில் வாங்குவது அண்ணன். தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, லத்தி அள்ளுவது எல்லாம் நான். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போவேன்.

முகூர்த்த மாதம் பிறந்ததும் அண்ணன் ஆளை வரவழைத்து நாலு காலுக்கும் புது லாடம் அடித்தான். மறுநாள் காலையில் குழாயடிக்குத் தார்ரோடு வழியாக அவளை நடத்திப் போனேன். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை லேசாக மேலே போனது. லேசாகத்தான். வேறு யாராவது பார்த்தால் ஈ விரட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தினமும் கூடவே நடக்கிறவளுக்குத் தெரியாதா?

அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தான்.

"அண்ணே, இடது முன்னங்கால்ல என்னமோ இருக்கு. டாக்டருக்கு ஒரு போனப் போடு."

அவன் கயிற்றை வாங்கி, கொட்டகைக்கு முன்னால் இருக்கிற மண்தரையில் அவளை ஒரு சுற்று நடத்தினான். பொதுபொதுவென்ற மண். அதில் நடந்தால் எந்தக் காலும் நல்ல கால்தான்.

"எங்கத்தா நொண்டுறா? ராணி கணக்கா நடக்குறா."

"மண்ணுல நடத்துனா எப்படித் தெரியும்? ரோட்டுல விட்டுப் பாரு."

"புது லாடம்த்தா. புதுச் செருப்பு உனக்குக் கடிக்கல? அம்புட்டுதான். தன்னால சரியாப் போயிரும்."

செருப்பு கடித்தால் நான் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். அவள் எதைக் கழற்றுவாள்? இதை அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் திருவாதவூரில் இருக்கிற சித்தப்பாவுக்குப் போன் போட்டு யோசனை கேட்டான். டாக்டருக்குப் போகாத போன் சித்தப்பாவுக்குப் போகிறது! ஆடு மாடு எது நொண்டினாலும் சித்தப்பாவிடம் ஒரே வைத்தியம்தான். "கம்பியப் பழுக்கக் காய்ச்சி, தோள் சப்பையில சுள்ளுனு ஒரு கோடு இழுடா. நொண்டல் ஓடிரும்." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டேன். கம்பியோடு எவன் வந்தாலும் அவனுக்குத்தான் முதல் கோடு என்று கத்தினேன். அண்ணன் சூடு போடவில்லை. அதுவும் இரக்கத்தினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெள்ளைத் தோலில் தழும்பு விழுந்தால் ஊர்வலத்துக்கு எடுப்பாக இருக்காதாம்.

அதற்கடுத்த நாள் அவள் இடது காலை முன்னால் நீட்டி வைத்து, பாரம் கொடுக்காமல் நின்றாள். குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். வலது குளம்பு சில்லென்று இருந்தது. இடது குளம்பு, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கதகதவென்று இருந்தது. அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்து அதன் மேல் வைத்தேன். அவனுக்கும் சூடு தெரிந்தது. கையை வெடுக்கென்று எடுத்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்குச் செல்லூர்க் கல்யாணம் இருக்குத்தா. வாக்குக் குடுத்தாச்சு. டாக்டர் வந்தா ரெஸ்ட்டுல போடுன்னு சொல்லிருவாரு. கல்யாணம் முடியட்டும், நானே கூப்புடுறேன்."

ஆக, நொண்டுவது அவனுக்கும் தெரியும்! டாக்டர் வாயால் அதைக் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, மாட்டாஸ்பத்திரி டாக்டரின் நம்பரைப் பக்கத்து வீட்டில் வாங்கி நானே கூப்பிட்டேன். புது லாடம், தலை ஆட்டம், குளம்புச் சூடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஆணியாத்தான் இருக்கும். தார்ரோட்டுல ஒரு அடிகூட நடக்க விடாதீங்கம்மா. மத்தியானம் நானே வாரேன்" என்றார். நிம்மதியாகப் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனால் கயிறு மட்டும் கிடக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டான் பாவி.

ஸ்கூட்டியை எடுத்தேன். ஈரத் தலையைக்கூட முடிந்துகொள்ளவில்லை. செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தத்தையும் மீறி மேளம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். ஜரிகைத் துணி போர்த்திய என் குதிரை மேல் கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளை. சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள்.

"ஒத்தக் கால்ல ஆடுதுடா மாப்ள! சூப்பர்டா!" என்று ஒருவன் விசிலடித்தான்.

அவள் ஆடவில்லை. ஆடினால் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்குவாள். அன்று தூக்கியது இடது கால் ஒன்றைத்தான். கீழே வைப்பாள், பொறுக்காமல் உடனே தூக்குவாள், மறுபடி வைப்பாள். அது மேளத்தோடு ஒத்துப்போகவும், அவள் காலைத் தூக்கத் தூக்கத் தவில்காரர் வேகத்தைக் கூட்டினார். அண்ணன் லகானைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றான். வலியில் துடிக்கிற ஒரு உயிரைச் சுற்றி நின்று அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

கூட்டத்துக்குள் புகுந்து லகானைப் பிடித்தேன். மேளம் நின்றது.

"மானத்த வாங்காதத்தா" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"மாப்பிள்ளைய இறக்கு."

அவ்வளவுதான், தெருவே கொதித்துவிட்டது. குதிரை ஏறிய மாப்பிள்ளை மண்டப வாசலில்தான் இறங்க வேண்டுமாம். நடுத்தெருவில் இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "நல்ல காரியம் நடக்கும்போது வந்து குறுக்க நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நான் அவரிடம் வாய் கொடுக்கவில்லை. மேலே பார்த்துச் சொன்னேன். "தம்பி, கால்ல ஆணி ஏறிருக்கு அதுக்கு. அதோட உங்களையும் சுமக்குது. நல்லா இருப்பீங்க, இறங்கிருங்க."

அந்தப் பையன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுக் குனிந்து அவள் காலைப் பார்த்தான். "நெசமாவாக்கா?" என்றான். தாய்மாமன் கத்தக் கத்தக் காலைத் தூக்கிப் போட்டு இறங்கிவிட்டான். பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு அவன் மண்டபத்துக்கு நடந்தே போனான். அந்தத் தெருவில் அன்று மனுசனாக இருந்தவன் அவன் ஒருவன்தான். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதே வண்டியில் அவளை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மத்தியானம் சொன்னபடி டாக்டர் வந்தார். லாடத்தைக் கழற்றி ஆணிகளைப் பிடுங்கினார். ஒன்றின் பின்னாலேயே கறுப்பாகச் சீழ் வந்தது. ஆணி தடம் மாறிச் சதைப் பக்கம் இறங்கியிருந்தது.

"எப்ப இருந்து நொண்டுது?"

"இன்னைக்குக் காலையில இருந்துதான் சார்" என்றான் அண்ணன்.

"பொய் சார்! லாடம் அடிச்ச மறுநாளே நொண்டுனா. அன்னைக்கே சொன்னேன், கேக்கலையே!"

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "ஏன்யா கூப்புடல? அன்னைக்கே இந்த ஒத்த ஆணியப் பிடுங்கியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே."

"ரொம்ப நொண்டலையே சார்."

"ரொம்ப நொண்டுனப்புறம் நான் வந்து என்னய்யா செய்ய?"

அந்த வார்த்தையைக் கொட்டகைத் தகரத்தில் எழுதி வைக்கலாம் போலிருந்தது. அண்ணன் லாடம் அடித்த ஆளைத் திட்ட ஆரம்பித்தான். ஆணி தவறுவது யாருக்கும் நடக்கும் என்று சொல்லி டாக்டர் அவன் வாயை அடைத்தார்.

குளம்பைக் கழுவுவதும் மருந்து வைத்துக் கட்டுவதுமாக ரொம்ப நாள் ஓடியது. கடைசியில் டாக்டர் தார்ரோட்டில் போக வர நடத்திப் பார்த்தார். தலை ஆடவில்லை. குளம்பில் சூடு இல்லை. கால் சுத்தமாகக் குணம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாளே அண்ணன் கொட்டகை முன்னால் நின்று செல்போனில் மேளத்தை வைத்தான். இனி ஊர்வலத்துக்குப் போகலாமா என்று பார்க்கிறானாம். தவில் அடி விழுந்ததும் அவள் காதுகள் பின்னால் மடங்கின. இடது காலைத் தூக்கினாள். தூக்கிய காலைக் கீழே வைக்கவே இல்லை. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. நான் பாய்ந்து போய்ப் பாட்டை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் கால் அப்படியே அந்தரத்தில் நின்றது.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "குணமாயிருச்சுன்னுதான சொன்னாரு? இரு, டாக்டரக் கூப்புடுறேன்" என்று போனில் நம்பரைத் தேடினான்.

"இப்பக் கூப்புடு" என்றேன். "வந்து எந்த ஆணியப் பிடுங்குவாரு?"