நாகரத்தினம் செய்துவைத்த ஒரே கல்யாணம்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஒரு கல்யாணம்கூடப் பண்ணிவைக்காமல் ஆயிரம் பொய்யையும் சொல்லித் தீர்த்தவள் நாகரத்தினம். திருவிடைமருதூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவளைக் கல்யாணத் தரகர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மொபெட்டில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு கட்டு ஜாதகம், நெற்றியில் அகலமாகக் குங்குமம், வாயில் ஓயாத பேச்சு. இத்தனை இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

உண்மையில் அவள் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறவள். எச்.ஐ.வி.யால் தாயையோ தகப்பனையோ பறிகொடுத்த பிள்ளைகள், அந்தக் கிருமியோடேயே பிறந்த பிள்ளைகள் என்று முப்பத்தெட்டு பேர் அவள் பொறுப்பு. மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறார்களா, பள்ளிக்கூடம் போகிறார்களா, வீட்டில் தட்டைத் தனியாக எடுத்துவைத்து ஒதுக்குகிறார்களா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வேலை சுலபம். வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம். நம் தெருக்களைப் பற்றித் தெரியாதா? வண்டி நின்றாலே நாலு வீட்டுக் கதவு திறக்கும். சேர்ந்த புதிதில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனாள். மறுவாரமே அந்த வீட்டுப் பிள்ளையோடு தெருப் பிள்ளைகள் விளையாடுவது நின்றுபோயிற்று. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரகர் வேஷம் கட்டினாள். தரகரை எதற்கு வந்தாய் என்று எந்தத் தெருவும் கேட்பதில்லை. காபி சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்கும்.

ஜீவிதாவின் வீட்டுக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். ஜீவிதா அந்தக் கிருமியோடு பிறந்தவள். பதினோரு வயதில் அப்பா அம்மா இருவரும் போய்விட, பெரியப்பா துரைக்கண்ணு அழைத்துவந்து வைத்துக்கொண்டார். பெரியம்மா மாலதி, சும்மா சொல்லக்கூடாது, ஒரே பானைச் சோற்றைத்தான் போட்டாள். இப்போது பிள்ளை பிளஸ் டூ. நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தெருவுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டுப் பையன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சூர்யபிரகாஷுக்கு நாகரத்தினம் பெண் பார்க்கிறாள் என்று தெரு நம்பியது.

ஆறு வருஷம் நம்பியது! அங்கேதான் வந்தது வினை.

தை மாதம், அறுவடை நேரம். வழக்கம்போலப் போன நாகரத்தினத்தை மாலதி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, ஆறு வருஷமா தரகர் ஏறி இறங்கியும் ஒண்ணும் அமையலைன்னா பையன்கிட்டதான் ஏதோ குறைன்னு ஊரே பேசுது. நேத்து நாங்களா பார்த்த ஒரு வரன், தெருமுனை டீக்கடையில விசாரிச்சுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க."

"அட கடவுளே!"

"கடவுளை எதுக்கு இழுக்குறீங்க? எல்லாம் உங்களால வந்தது. நீங்களே மாசிக்குள்ள ஒரு பொண்ணைப் பார்த்துக் கொடுங்க. இல்லைன்னா நீங்க யாரு, யாருக்காக வர்றீங்கன்னு தெருவுல நின்னு சொல்லிடுவேன். என் பிள்ளை பேரும் எனக்கு முக்கியம்தானே?"

நியாயம்தானே! தெருவுக்குத் தெரிந்தால் ஜீவிதா பரீட்சை எழுதின மாதிரிதான். மூன்றாம் வகுப்பில் விஷயம் கசிந்து, பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, கடைசியில் பள்ளிக்கூடமே மாறின பிள்ளை அவள்.

வேறு வழியில்லாமல் நாகரத்தினம் அசல் தரகர் ஆனாள். ஜாதகக் கட்டை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தாள். பாதிப் பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகின்றன. ஒருவருக்கு அறுபதாம் கல்யாணமே முடிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, நிஜத் தரகர் இராஜாங்கத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏம்மா, பத்து வருஷமா தொழில்ல இருக்கீங்க, பொருத்தம் பார்க்கத் தெரியலைங்கிறீங்க?" என்றார் அவர்.

"வாயாலேயே ஓட்டிட்டேங்க," என்றாள் இவள். அது பொய்யில்லை.

அவர் கொடுத்த வரன்தான் சுவேதா. சீர்காழிப் பக்கம், விவசாயக் குடும்பம், எம்.காம். படித்த பெண். பொருத்தம் பத்துக்கு எட்டு. விடுமுறையில் வந்திருந்த சூர்யபிரகாஷோடு வேனில் கிளம்பினார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டால் அங்கேயே பூவைத்து உறுதி செய்துவிடுவது என்று ஏற்பாடு. பூவைப்பது நாத்தனார் வேலை. அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் ஜீவிதாதான் நாத்தனார். பட்டுப்பாவாடையில் மல்லிகைத் தட்டோடு அவள் இறங்கியதைப் பார்த்து நாகரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பையனைப் பார்த்துச் சுவேதாவும் சிரித்தாள். கேசரியும் காலியாயிற்று. "போய்ப் பூவை வைம்மா," என்றார்கள். ஜீவிதா அறைக்குள் போனாள். கூடவே நாகரத்தினம் போய்க் கதவருகே நின்றாள். சுவேதா தலையைக் குனிந்து காட்டினாள். ஜீவிதாவின் கை பூத்தட்டிலேயே நின்றது.

"அண்ணி, வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இவங்க தரகர் இல்ல. ஆறு வருஷமா எனக்காகத்தான் வீட்டுக்கு வர்றாங்க. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பிறக்கும்போதே வந்தது. தினம் மாத்திரை சாப்பிடுறேன், நல்லா இருக்கேன். அண்ணன்கிட்ட ஒரு குறையும் இல்ல."

சுவேதா மெல்ல நிமிர்ந்தாள். ஜீவிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப வைக்காதே, ஜீவிதா. நான் கொஞ்சம் யோசிக்கணும்," என்றாள்.

பூ அப்படியே திரும்பி வந்தது. பெண் யோசிக்க நேரம் கேட்கிறாள் என்றார்கள் அந்த வீட்டார். மாலதியின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வழியில் டீ குடிக்க வேன் நின்றபோது நாகரத்தினம் பிள்ளையைத் தனியே இழுத்தாள்.

"உனக்கென்னடி பைத்தியமா? எத்தனை வருஷமா பொத்திப் பொத்திக் காப்பாத்தினேன்!"

"அத்தை, அண்ணி வந்து நம்ம வீட்டுலதானே இருக்கப்போறாங்க? சொல்லாம விட்டா நான் என் வீட்டுக்குள்ளேயே ஒளிஞ்சு மாத்திரை சாப்பிடணும். தெருவுக்கு ஒளிக்கிறதே போதும் போதும்னு ஆயிடுச்சு."

நாகரத்தினம் தன் டீயையும் அவள் கையில் கொடுத்துவிட்டு வேனில் போய் ஏறினாள்.

நான்கு நாள் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். சீர்காழியிலிருந்து விஷயம் எந்த வாய் வழியாகத் தெருவுக்கு வந்து சேரப்போகிறதோ என்று மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இறங்கி, மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்து எடுத்தாள். நல்லவேளை, வண்டிதான் சரிந்தது, அவள் விழவில்லை.

"அம்மா, நான் சுவேதா பேசுறேன். ஜீவிதா சொன்னதை வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அது அவ விஷயம். பேர் சொல்லாம ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன். ஒண்ணா இருக்கலாம், ஒண்ணா சாப்பிடலாம், பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க."

"அப்ப..." என்று இழுத்தாள் நாகரத்தினம்.

"எனக்குச் சம்மதம். ஆனா மாசியில வேண்டாம்னு மாலதி அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். அவர் சிங்கப்பூர் போயிட்டுத் திரும்பி வரட்டும், சித்திரையில வச்சுக்கலாம்."

"ஏம்மா? மாசியில நல்ல முகூர்த்தம் இருக்கே!"

"ஜீவிதாவுக்குப் பரீட்சை இருக்குல்ல? வீட்டுல பந்தலைப் போட்டுட்டா பிள்ளை எங்கே உக்காந்து படிக்கும்?"

நாகரத்தினம் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கதிர்க்கட்டோடு போன இரண்டு பெண்கள் பதறிப்போய் என்னக்கா, யாருக்கு என்ன என்று கேட்டார்கள். ஒரு கல்யாணம் கூடிவந்திருக்கிறது என்றாள் அவள்.