சிம்கோ ஏரியில் என் பின்சீட்டு

பாஸ் எண்ட ஏரிமீனைப் பிடிக்கிற போட்டியில பின்சீட்டுக்காரன் எண்டால், வேற ஆளின்ர படகில, வேற ஆள் போற இடத்துக்குப் போய், அவர் எறிஞ்சு முடிச்ச தண்ணியில தூண்டில் போடுற சீவன். பின்சீட்டில குந்தி அவதிப்பட்ட சகோதரங்களே, உங்களுக்குத்தான் இது.

போன வருசம் கனடாவில எங்கட ஸ்காபரோ மீன்பிடிக் கழகத்தில நாலு போட்டி. முதல் மூண்டிலயும் எனக்கு ஒரு மீனும் படேல்லை. நாலாவதிலயும் வெறுங்கையெண்டால் அடுத்த வருசம் எனக்கு இடமில்லை. சிம்கோ ஏரியில நடந்த அந்தக் கடைசிப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்க, முன்சீட்டுக்கு எனக்கு விழுந்தது றெஜினா அக்கா. மன்னார் ஆள், கிழமை நாளில சிற்றி பஸ் ஓட்டுறவ, கழகத்தில ஆரும் அடிக்கேலாத மீன்காரி. முன்சீட்டுக்கு வேற பரிசு, பின்சீட்டுக்கு வேற பரிசு; ஒராள் பிடிச்ச மீன் மற்ற ஆளின்ர கணக்கில சேராது.

மூட்டை

எந்த இரை எடுபடுமெண்டு தெரியாத மனிசன் எல்லாத்தையும் காவுவான்தானே! ஏழு தூண்டில் தடி, ரெண்டு பெட்டி, ஒரு பையோட படகடியில போய் நிண்டன். அக்காவிட்டை நாலு தடியும் ஒரு சின்னப் பெட்டியும். என்னை மேலும் கீழும் பாத்தா.

"தம்பி, மீன் பிடிக்க வந்தனீரோ, வீடு மாற வந்தனீரோ?"

அதே இரை

அவ கிலுகிலுவெண்டு சத்தம்போட்டு ஓடுற பிளாஸ்ரிக் மீனை எறிஞ்சா. அரை மணித்தியாலத்தில ரெண்டு பாஸ். நான் சும்மா இருப்பனே? பெட்டியைக் கிளறி, அதே நிறத்தில அதே மீனைக் கட்டி, அவ எறிஞ்ச அதே இடத்தில எறிஞ்சன். கை உளைஞ்சதுதான் மிச்சம். நீங்களும் இந்தப் பிழை விட்டிருப்பியள். அவசரக்கார மீனெல்லாம் அவவிட்டைப் போயிட்டுது, மிச்சம் நிண்டது யோசிக்கிற மீன். அவ திரும்பிப் பாராமலே சொன்னா:

"நான் தட்டின கதவை நீரும் தட்டினால் ஆர் திறக்கிறது? மெதுவா ஏதும் போடும்."

ஈயம் கீழ, புழு மேல

மெதுவா எண்டால், நூல் நுனியில ஈயக்குண்டு, அதுக்கு ஒரு சாண் மேல முள்ளு, முள்ளில விரல் நீளப் பிளாஸ்ரிக் புழு. ஈயம் அடியில கிடக்க, புழு மேல நிண்டு ஆடும். கட்டினன். ஆனால் என்ர கை சும்மா நிண்டால்தானே! உதறு உதறெண்டு உதறினன். அக்கா தடியை வாங்கி ஒருக்காக் காட்டினா. நுனி அசைஞ்சதே தெரியேல்லை. என்ன கை அது!

"டான்ஸ் ஆடவிடாதையும். புழு சும்மா உயிரோட இருந்தால் காணும்."

கடைசி இருபது நிமிசம்

எனக்கு இன்னும் ஒண்டுமில்லை. ஒராளுக்கு அஞ்சு மீன்தான் எல்லை, அக்காவிட்டை நாலு. இன்னொண்டு பட்டால் முதலிடம் அவவுக்குத்தான். கடைசியா ஒரு கல்லுத்திட்டிக்குக் கொண்டுவந்தா. அங்க மீன் நிக்குமெண்டு எனக்கே தெரியும். அப்ப பாருங்கோ, படகைத் திருப்பி, பின்பக்கத்தைக் கல்லுக்கு நேர விட்டா. முதல் எறி எனக்கு! எந்த முன்சீட்டுக்காரர் இதைச் செய்வினம்? புழுவைப் போட்டுக் கையை அசையாமல் வைச்சன். நூல் இறுகிச்சுது. வலையைப் பிடிச்சதும் அவதான். நல்ல கொழுத்த பாஸ். அதைத் தூக்கி முடிய நேரமும் முடிஞ்சுது.

எனக்கு அடுத்த வருச இடம் கிடைச்சுது, அவவுக்கு ரெண்டாமிடம். ஏனக்கா அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன். படகைத் துடைச்சுக்கொண்டே சொன்னா:

"அழப்போற ஆளைப் பின்னுக்கு வைச்சுக்கொண்டு என்னாலை படகு ஓட்டேலாது."

பின்சீட்டுக்கு எந்த இரை நல்லதெண்டு ஆராவது கேட்டால், அது முன்னுக்கு நிக்கிற ஆளைப் பொறுத்ததெண்டு மட்டும்தான் என்னாலை சொல்லேலும்.