ஒரு விரல் தள்ளி

ஹென்றி ஏதோ கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்ற அளவில்தான் பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவர் மனைவி மார்த்தா முந்திக்கொண்டு, "ஆபீஸ் வேலதான்லா" என்பாள். உண்மையில் அவர் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் இருபத்தாறு வருடங்களாகப் பிணங்களைப் பதப்படுத்தி, அறுத்து, பாடத்துக்குத் தயார்செய்கிறவர்.

கல்யாணமான புதிதிலேயே மார்த்தா இரண்டு சட்டம் போட்டுவிட்டாள். அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தக் கையால் அவள் முகத்தைத் தொடக் கூடாது. அந்தக் கை சம்பாதித்த அரிசியை மட்டும் தின்னலாமா என்று அவர் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவருக்கு எப்போதும் வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும்.

உடற்கூறு கூடத்தில் அவர் மதிப்பே வேறு. முகத்தில் விழுந்த குழிகளை நிரப்ப அழகு ஊசி போடும் டாக்டர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை பயிற்சி நடக்கும். நெற்றிப்பொட்டை, அதாவது புருவத்தின் வாலுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை, அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டுவது ஹென்றி. தோல், கொழுப்பு, அதன் கீழ் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வில்தான் ரத்தக்குழாய் நெளிந்து ஓடுகிறது, புருவத்தைத் தூக்கும் நரம்பும் போகிறது. அதற்கும் கீழே தடித்த சவ்வு, தசை, எலும்பு. பிணத்துக்குத் துடிப்பு இல்லையே, அதனால் ரத்தக்குழாய்க்குள் சிவப்பு ரப்பர்ப் பால் ஏற்றி வைத்திருப்பார். இதற்குள் மருந்து ஏறினால் கண்ணுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும் என்பார். உயிரோடு இருப்பவர்களிடம் முதலில் விரல் வைத்துத் துடிப்பைப் பாருங்கள், ஒரு விரல் தள்ளி, எலும்பைத் தொடும்வரை ஊசியை இறக்குங்கள் என்பார். டாக்டர்கள் எழுதிக்கொள்வார்கள். பயிற்சிக்கான அழைப்பிதழில் பேராசிரியரின் பெயர் மட்டும் இருக்கும்.

சென்ற வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மார்த்தா வற்றிப்போனாள். நெற்றிப்பொட்டு இரண்டும் குழிந்துவிட்டன. மூன்று மாதத்தில் மாதா கோயிலில் மகள் சிந்தியாவின் கல்யாணம். படத்தில் மண்டையோடு மாதிரி விழுவேன் என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதாள்.

"ஊசி கீசி போடணும்னா நல்ல டாக்டர்கிட்ட போ. அந்த எடத்துல ஒரு ரத்தக்குழா..." என்று தொடங்கினார்.

"ஒங்க பொணக் கதைய இங்க எடுக்காதீங்க" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மார்த்தா போனது ஷர்மினியிடம். மேல்மாடியில் புருவம் திருத்துகிறவள், ஊசி போடுவதை மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் கற்றவள். வலது பக்கம் ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் ஊசி ஏறியதும் கண்ணுக்குள் சுரீரென்று ஒரு வலி, பிறகு இருட்டு.

"வீக்கம்தான் ஆன்ட்டி, நாளைக்குச் சரியாயிடும்லா" என்றாள் ஷர்மினி.

வீட்டுக்கு வந்த மார்த்தா, தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில்தான் இருந்தார். அவரிடம்தான் முகத்தை மறைத்தாள்.

மறுநாள் காலையில் அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்தபோதுதான் ஹென்றி பார்த்தார். இடது புருவத்தின் வாலுக்கு மேலே ஊசிப் புள்ளி. எத்தனையோ முகங்களில் அவர் சிவப்புப் பால் ஏற்றிய அதே கோட்டின் மேல்.

"எப்ப போட்ட?"

"நேத்து சாயங்காலம்."

அப்படியே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். உடனே வந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம், இனி அந்தக் கண் தெரியாது என்று கண் டாக்டர் சொன்னார். ஹென்றிக்கு அது காலையிலேயே தெரியும்.

கல்யாணம் நடந்தது. மார்த்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றாள். முகம் நன்றாகத் தேறிவிட்டதே என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வாரம், சமையலறையில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "அவ எங்க குத்தியிருக்கணும்? காட்டுங்க" என்றாள்.

ஹென்றி வழக்கம்போல் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பிறகும் தயங்கி நின்றார். அவளே அவர் கையைப் பிடித்துத் தன் வலது நெற்றிப்பொட்டில் வைத்தாள். விரலுக்கடியில் ரத்தக்குழாய் துடித்தது. அந்த இடத்தில் துடிக்கிற ஒன்றை அவர் அதுவரை தொட்டதே இல்லை.

"இது துடிக்குதுல்ல, இதுலேர்ந்து ஒரு விரல் தள்ளி. எலும்பு வரைக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மார்த்தா மிச்சமிருந்த கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.