சின்னத் தொட்டிக்கு மீன் பார்த்த கதை

என் கணவர் கட்டாரை விட்டு ஒரேயடியாக வந்து இறங்கியபோது, வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்தப் பெரிய அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. ரைஸ் குக்கராக இருக்கும் என்றான் என் தம்பி. மைக்ரோவேவ் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல் குசினி மேசையில் அதற்கு இடமும் ஒதுக்கிவிட்டேன். அவர் பெட்டியைப் பிரித்தார். ஒரு கம்பளி வந்தது, அதற்குள் இன்னொரு கம்பளி, அதற்குள் எனக்கென்று வாங்கிய அபாயாக்கள், எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி. பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத் தூக்கி மேசையில் வைத்தார்.

"மீன் தொட்டி. கடல் மீன் வளர்க்கிறதுக்கு," என்றார்.

தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் கற்பிட்டியில் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அழகு மீன்களை உயிரோடு பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிற இடத்தில் வேலை.

"மச்சான், ரோட்டுக்கு அங்கால களப்பு, இங்கால கடல். நடுவுல இரிந்துகொண்டு நீங்க பெட்டிக்குள்ள கடல் வளர்க்கப் போறீங்களா?"

அவர் தொட்டியின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்காவது வெடித்திருக்கிறதா என்று.

தோஹாவில் அவர் வேலை செய்த ஹோட்டலின் வாசலில் சுவர் அளவுக்கு ஒரு மீன் தொட்டி இருந்ததாம். முதலில் அதன் கண்ணாடியை வெளியே இருந்து துடைத்தார். பிறகு உள்ளேயும் துடைக்கச் சொன்னார்கள். தொட்டியைப் பராமரித்த பிலிப்பைன்காரர் ஊருக்குப் போனதும் முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. போனில் எனக்கு மீன் கதையாகத்தான் சொல்வார். இண்டைக்கு ஒரு மீனுக்குக் கண்ணில் நோய், நேற்று ஒன்று சாப்பிடவில்லை என்று. கதைக்க வேறு ஒன்றும் இல்லாமல் சொல்கிறார் என்றுதான் நான் இவ்வளவு வருஷமும் 'ம்ம்' போட்டுக்கொண்டிருந்தேன்.

மன்னாரிலிருந்து நாங்கள் இந்தப் பக்கம் வந்த பிறகு என் வாப்பா வாங்கிய காணியில்தான் எங்கள் வீடு. முன்னறையில் நான் தையல் வகுப்பு நடத்துகிறேன். தொட்டிக்கு அந்த அறையில்தான் இடம் கிடைத்தது, துணி அலுமாரிக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில். முதலில் அவர் வாளியோடு வீட்டுக்குப் பின்னால், கடலோடு சேர்ந்து கிடக்கும் களப்புக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். உப்பை அளக்கும் ஒரு சின்னக் கருவியைத் தண்ணீரில் விட்டார், அதன் முள் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது.

"உப்புக் கூட. இதுல மீன விட்டா கருவாடுதான்," என்றார்.

நல்ல வெயில் காலம் அது. புத்தளம் களப்பு அந்தக் காலத்தில் கடலைவிட உப்புக் கரிக்கும். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் இவ்வளவு உப்பளம் எதற்கு? பிறகு தம்பிதான் படகில் போகும்போது ஆழ்கடல் தண்ணீரைக் கேன்களில் அள்ளிக்கொண்டு வந்தான். சிரித்தாலும் கேட்டதைச் செய்வான்.

தண்ணீர் விட்டாயிற்று, மணல் போட்டாயிற்று, தம்பி வேலை செய்யும் இடத்தில் கிடந்த பழைய ஓட்டைக் கல் ஒன்றும் வைத்தாயிற்று. பம்பு ஓடியது. மீன் மட்டும் இல்லை. தண்ணீர் பழுக்க வேண்டும் என்றார் அவர். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறி, மீனின் கழிவைத் தின்னப் பழக வேண்டுமாம். வாரக் கணக்கில் அப்படியே ஓடியது. கட்டாரிலிருந்து வந்தவரைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். "மாஷா அல்லாஹ், நல்ல தெளிவாக இரிக்கு," என்றார் ஒருவர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அதன் பிறகுதான் மீன் பார்க்கும் படலம் தொடங்கியது.

தம்பி முதலில் கொண்டுவந்தது ஒரு ஏஞ்சல் மீன் குஞ்சு. கருநீல உடம்பு, அதில் வெள்ளை வளையத்துக்குள் வளையம். ஒரு பெரிய பட்டன் அளவுதான். என் வகுப்புப் பிள்ளைகள் ஊசியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டார்கள். என் கணவர் பிளாஸ்டிக் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல மீன். ஆனா சாப்பாட்டுக் கோப்பை அளவு வளரும். திரும்பக் கொண்டு போய் விடு."

அடுத்து வெளிர்நீலத்தில் மஞ்சள் முதுகோடு ஒன்று. இது நாள் முழுக்க ஓடித் திரியிற மீன், இங்கே திரும்பவே இடம் போதாது என்று அதையும் அனுப்பினார். அடுத்தது செட்டை விரித்த நெருப்பு மீன், முள்ளெல்லாம் விஷம். "இது மத்த மீனத் திண்டுரும். உன்ட ராத்தாட கையிலயும் குத்தும்," என்றார், என்னைக் காட்டி.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. கதிரையில் இருந்தவன் எழும்பி நின்றான்.

"ராத்தா, இவர் என்ன மாப்பிள்ளையா பாக்கிறார்? உயரம் கூடாது, ஓடக் கூடாது, கோபம் கூடாது! நான் கடலுக்குள்ள போய்ப் புடிச்சி வாறன், இவர் பைக்குள்ளயே வெச்சித் திருப்பி அனுப்புறார்."

"பெரிய தொட்டி பிழையைப் பொறுக்கும், மச்சான். சின்னது பொறுக்காது," என்றார் இவர். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அந்த நாட்களில் வீட்டிலும் அவர் அப்படித்தான். உப்புப் போத்தல் அடுப்புக்குக் கிட்ட இருக்கக் கூடாது, தையல் மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பினால் நல்லது, பாண் ரொட்டியை வெட்டிவிட்டுப் பையை மடித்து வைக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோகும் மனிதராக இருந்தவர், இப்போது காலையிலிருந்து இரவு வரை வீட்டில் இருந்தார். எனக்கோ என் வீட்டில் என் இஷ்டத்துக்கு நடந்து பழக்கம்.

கடைசியில் அவரே ஒரு சின்னக் கோமாளி மீனுக்குச் சம்மதித்தார். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி. பம்பு தண்ணீர் துப்பும் இடத்தில் நின்று ஆடிக்கொண்டே இருந்தது. அவர் சின்ன இறாலை நுணுக்கிப் போட, வந்து வாங்கித் தின்றது.

சில வாரம் கழித்துத் தம்பி வேறு எங்கேயோ கொண்டுபோகும் பையில் ஒரு நீல மீனைக் கண்டேன். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. என்ன நீலம் அது! நான் இவ்வளவு காலம் கல்யாண உடுப்புத் தைக்கிறேன், அந்த நிறத்தில் ஒரு துணி கண்டதில்லை.

"இது வேணும்," என்றேன்.

"டெம்சல் மீன். சண்டைக்காரன்," என்றார் என் கணவர்.

"இந்த அளவுல இரிந்துகொண்டு என்னத்தச் சண்டை புடிக்கப் போகுது? உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு குறை."

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, விடுவம்," என்றார்.

முதல் நாள் நீலம் கல்லுக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு தொட்டி முழுவதற்கும் அதுதான் சொந்தக்காரன். கோமாளி அசைந்தால் பாய்ந்து கடித்தது. பாவம், கோமாளி பம்புக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது, வாலில் ஒரு துண்டையும் காணவில்லை. சாப்பாடு போட என் விரலைக் கொண்டுபோனால் நீலம் அதையும் கொத்தியது. "நான் அப்பவே சொன்னன்" என்று அவர் சொல்வார் என்று நானும் பதில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "புடிச்சி எடுக்கத்தான் வேணும்," என்று மட்டும் சொன்னார்.

தம்பியை வரச்சொன்னோம். அவன் சின்ன வலையோடு வந்தான், முகத்தில் ஒரு பெருமை.

"கடலுக்கு அடியில பிடிக்கிறவன் நான். இது ஒரு வேலையா?"

அந்த மாலை முழுவதும் அவனுக்கு அதுதான் வேலையாகப் போனது. வலை வலப்பக்கம் போனால் நீலம் இடப்பக்கம். இரண்டு வலை போட்டால் கல்லின் ஓட்டைக்குள். தொட்டி கலங்கி, மணல் கிளம்பி, தம்பியின் சட்டை தோள்வரை நனைந்தது. வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நின்று, "அந்தா! அந்தா!" என்று கத்தினார்கள். இவ்வளவு பெரிய கடலில் அகப்பட்டது, இந்தச் சின்னப் பெட்டியில் அகப்படமாட்டேன் என்றது. கடைசியில் என் கணவர் கல்லையே மெதுவாகத் தூக்கி வாளித் தண்ணீரில் வைத்தார். நீலம் அதன் ஓட்டைக்குள்ளேயே இருந்து வாளிக்கு வந்துவிட்டது. தம்பி ஈரச் சட்டையோடு தரையில் இருந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு எனக்கே ஒருமாதிரி இருந்தது. போனில் அந்தச் சிரிப்பைக் கேட்ட ஞாபகம் இல்லை.

மறுநாள் தம்பி நீலத்தைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டான். கோமாளி பம்புக்குப் பின்னாலிருந்து வர இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது. வால் வளர்ந்துவிட்டது.

"இப்ப என்ன மீன்தான் சரிவரும்? நீங்களே சொல்லுங்க," என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

மணலில் குழி வைத்துக்கொண்டு இருக்கும் சின்ன உழுவை மீன் என்றார். அதோடு கூட்டாக ஒரு இறாலும் இருக்குமாம். தம்பி முகத்தைச் சுளித்தான். கடலடியில் ஆயிரம் தரம் கண்டிருக்கிறானாம். "அந்த மண் நிற மீனயா? அதுக்கு ஒரு நிறமே இல்லையே, மச்சான்." ஆனாலும் அடுத்த வாரம் இரண்டையும் கொண்டுவந்தான். உழுவை பாயும் மீன் என்று அவர் சொன்னதால், மணப்பெண்ணின் முக்காட்டுக்கு வாங்கி மிஞ்சிய வலைத்துணியில் நான் தொட்டிக்கு ஒரு மூடி தைத்தேன். ஓரத்துக்கு இலாஸ்டிக் வைத்தேன். அவர் அதை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ஹோட்டல்லயும் இல்ல," என்றார்.

அன்று பின்னேரம் நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, 'டக்' என்று ஒரு சத்தம். அவர் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினார், கண்ணாடி வெடித்துவிட்டது என்று. மூலை மூலையாகத் தடவினார். கீழே துணி விரித்துப் பார்த்தார், ஈரம் இல்லை. மறுபடி 'டக்'. குனிந்து பார்த்தால் அந்த இறால்தான் மணலுக்குள் இருந்து கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது. அதற்குக் கண் சரியாகத் தெரியாதாம். நாள் முழுக்கக் குழியைத் தோண்டித் துப்புரவாக்கும். மண்ணை வெளியே தள்ள வரும்போது மீசையை உழுவையின் மேல் வைத்துக்கொள்ளும். வாசலில் காவல் இருக்கும் உழுவை ஏதாவது கண்டு வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே போய்விடும். மீன் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "புருஷன் பொஞ்சாதி மாதிரி," என்றாள். "அப்பிடி எண்டா வீடு கூட்டுறது ஆரு எண்டு பாருங்க," என்றேன் நான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் காலை, காற்றுக்கு எங்கேயோ தென்னை விழுந்து மின்சாரம் போய்விட்டது. வகுப்பும் இல்லை. பம்பு நின்றதும் தொட்டித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இப்படியே விட்டால் மீனுக்குக் காற்றுப் போதாது என்றார். ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். கை நோகும்போது நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அவர். வெளியே மழை. வேறு செய்ய ஒன்றும் இல்லை, எழும்பிப் போகவும் முடியாது, அதனால் கதைத்தோம். அவர் இருந்த அறையைப் பற்றிச் சொன்னார். ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் எத்தனை பேர், யார் யாரோடு ஒத்துப்போகமாட்டார்கள், பெருநாளைக்கு யார் சமைத்தது என்று. நான் உம்மா வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த மாதங்களைச் சொன்னேன். அதையெல்லாம் போனில் சொல்லியிருந்தேன்தான், ஆனால் சுருக்கிச் சொல்லியிருந்தேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து என்னிடமிருந்து கோப்பையை வாங்கும்போது, சும்மா சொல்வதுபோல் சொன்னார்: "ஹோட்டல்ல இருந்து திரும்பக் கூப்பிட்டாங்க. போன மாசம். வரல்ல எண்டு சொல்லிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நீ போகச் சொல்லிடுவியோ எண்டு ஒரு பயம்."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்த நீல மீன் இரிந்த நேரம் கேட்டிரிந்தா, ஓம், போங்க எண்டுதான் சொல்லியிரிப்பன்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பில் கை ஆடி, தண்ணீர் பாதி என் மடியில் விழுந்தது. "இப்ப?" என்று கேட்டார்.

"இப்ப ஊத்துங்க. மீன் பார்த்துக்கொண்டிரிக்குது."

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் வந்தது. எல்லாம் உயிரோடு இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைப் பிறகு வாங்கிவிட்டோம். இப்போது கற்பிட்டியில் உல்லாசப் பயணிகள் தங்கும் ஒரு விடுதிக்காரர் தன் வாசலில் தொட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ள என் கணவர் கிழமையில் சில நாள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். போன கிழமை அவர் இல்லாத நேரம் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் வற்றி உப்புப் படிந்திருந்ததைக் கண்டேன். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும், அதனால் நல்ல தண்ணீர்தான் விட வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். ஒரு கோப்பை எடுத்து மெதுவாக விட்டேன். உழுவை வாசலில் இருந்து என்னைப் பார்த்தது. உள்ளே ஓடவில்லை.