ஒருத்தரையும் விடாத ஜெர்லின்

பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று எண்ணும் வரை நிற்பாள் ஜெர்லின். தோளில் கேமரா, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. கடைசி இலையிலிருந்து குரல் வரும்: "ஏளா, என்னைய எடுத்தியா?" "எடுத்தாச்சு சித்தி, நீங்க கறிய மெல்லுங்க" என்பாள். பொய் கிடையாது, எடுத்திருப்பாள்.

கடலோரப் பெரியதாழையில் ஒரு கல்யாண வீடியோ ஆறு மணி நேரம் ஓடும். ஓடத்தானே வேண்டும்? கப்பலுக்குப் போன அண்ணனும் துபாயிலிருக்கும் மச்சானும் அதைப் பார்த்துத்தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். வீடியோவில் முகம் இல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்றுதான் கணக்கு. தொழிலுக்கு வந்த புதிதில் ஜெர்லின் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தியைத் தெரியாமல் வீடியோவிலிருந்து வெட்டிவிட்டாள். அவ்வளவுதான், இரண்டு குடும்பங்கள் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் யாரையும் வெட்டுவதில்லை.

வயது முப்பத்திரண்டு. கோயில் தெருவில் ஓர் அறை ஸ்டுடியோ. உப்புக்காற்றுக்குப் பயந்து லென்ஸைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பாள். யாரோடு பேசினாலும், கேமராவுக்குள் பார்க்கிற பழக்கத்தில், ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். "கண்ணுல தூசியா?" என்று மளிகைக்கடை அண்ணாச்சி ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். இப்போது விட்டுவிட்டார்.

இவள் சொந்தமாக ஒரு படமும் எடுக்கிறாள். காலைப் பேருந்தில் அன்னக்கூடையோடு ஏறி, சாத்தான்குளம் பக்கத்து ஊர்களில் மீன் விற்கும் எட்டுப் பெண்களைப் பற்றிய படம். கல்யாணம் இல்லாத நாட்களில் மட்டும் எடுத்ததில் மூன்று வருடம் ஓடிவிட்டது. உதவி கேட்டு இரண்டு இடங்களுக்கு எழுதினாள். "அனுபவம் போதாது" என்று பதில் வந்தது. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தை எடுத்தவளுக்கு அனுபவம் போதாதாம்!

மூன்றாவதாகச் சென்னையில் ஓர் அறக்கட்டளை. கிராமத்துக் கதைகளை அந்தந்த ஊர்க்காரர்களே படமாக எடுக்க ஐந்து லட்சம் தருகிறார்கள். அதில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டாள். அதற்கு அவள் அனுப்பியது, எட்டுப் பேரில் ஒருத்தியான பிலோமினா மாமி நடக்கும் இரண்டு நிமிடம். கூடை நாறுகிறதென்று ஒரு நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிட, மாமி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தாள். கேமராவோடு பின்னால் நடந்த ஜெர்லினிடம், திரும்பிப் பார்க்காமலே, "ஏளா, கால் வலிக்கா ஒனக்கு? அந்தச் சனியன கொஞ்சம் கீழ வச்சிட்டு வாயேன்" என்றாள். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.

அடுத்த சுற்றுக்குப் பத்து நிமிடப் படம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. ஜெர்லினிடம் இருந்ததோ நாற்பத்திரண்டு நிமிடம். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் போனில் அன்பாகத்தான் பேசினார். "எட்டுப் பேர் வேண்டாம் ஜெர்லின், மூணு பேர் போதும். அந்த நடந்து போற அம்மாவை மட்டும் விட்டுடாதீங்க. எல்லார் மனசுலயும் அவங்கதான் நிக்கறாங்க."

வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரைப் பொறுக்கியிருப்பார்கள். ஜெர்லினால் முடியுமா? எட்டுப் பேரையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, மூன்று பேருக்குத்தான் இடம் என்று சொன்னாள். அவர்கள் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கடற்கரையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் யாருக்கு எந்த இடம் என்று தகராறு வந்தால் சீட்டுக் குலுக்குவதுதான் அங்கே வழக்கம். பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் பெயர் எழுதி, கூடையில் போட்டுக் குலுக்கி, மூன்றை எடுத்தார்கள். மூன்றிலும் பிலோமினா இல்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஜெர்லின் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி நாலரை மணிக்கு மீன் விற்றுத் திரும்பிய பிலோமினாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"மாமி, ஒங்கள வச்சி ஒண்ணு வெட்டியிருக்கேன், நீங்க இல்லாம ஒண்ணு வெட்டியிருக்கேன். நீங்க இருக்கத அனுப்புதேன். மத்தவங்க யாரும் பாக்கப் போறதில்ல."

"சீட்டுன்னா சீட்டுதான்."

"நீங்க இல்லன்னா காசு கெடைக்காது மாமி! படமே நின்னுபோகும்!" குரல் உடைந்துவிட்டது.

"ஏளா, எனக்கும் ஆசைதான்." பிலோமினா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஆனா நாளைக்கு ஏலத்துல எடத்துக்குச் சீட்டு போடுவம்லா. எனக்கு வேணும்னா மாத்திக்கிடலாம்னா, அப்புறம் அந்தச் சீட்ட எவ மதிப்பா?"

ஜெர்லினுக்குக் கோபம் கோபமாக வந்தது. மாமி மேல், சென்னை மேல், எல்லாவற்றுக்கும் மேலாக எட்டுப் பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்த தன் மேல். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். நாலு ஐம்பத்தாறுக்குப் பிலோமினா இல்லாத பத்து நிமிடத்தை அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது.

"முடிஞ்சுதா? அப்ப நான் வாரேன்" என்று பிலோமினா எழுந்தாள்.

"இருங்க மாமி. நீங்க நடந்தத நீங்களே இன்னும் பாக்கலல்லா?"

முழு நடையையும் முதலிலிருந்து ஓடவிட்டாள். மாமி வாயைத் திறந்தபடி பார்த்தாள். திரையில் ஒரு லாரி கடந்துபோனது. அந்தக் காற்றில் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்காலியில் இருந்த பிலோமினாவின் கை தன்னையறியாமல் உயர்ந்து, தலைக்கு மேலே வெறும் காற்றைத் தாங்கிப் பிடித்தது. ஜெர்லின் எட்டி அந்தக் கையை மெல்ல இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.