நாற்பத்தைந்தாம் நாள் ஊசி

அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னது நீங்கள்தான். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குச் சுத்தத்துக்கான சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி வந்த அதிகாரி நீங்கள். "ஊசி போடற எடத்துல இன்னா அசிங்கம் இது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். மலத்தின் படம் நாறாது. நான் அங்கே கிராமச் செவிலி. ஸ்டூலில் ஏறி, என் கையாலேயே கழற்றினேன்.

அதை மாட்டியவர் ஒரு டாக்டரம்மா. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இருந்தவர். குழந்தைகளின் குடல், கல்லீரல் நோய்களுக்கென்றே தனியாகப் படித்தவர். நான்கு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, ஊசி நாளாகப் பார்த்து, வில்லியனூர் வழியாகப் பஸ் பிடித்து வருவார். முதலில் குழந்தையைத் தொடமாட்டார். "துணியக் காட்டும்மா" என்பார். அலசாத துணியைப் பையில் முடிந்து கொண்டுவரத் தாய்மார்களைப் பழக்கியிருந்தார். ஊரில் அவருக்குப் பீ டாக்டர் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். வரிசையில் நின்ற பெரியம்மா ஒருத்தி, "எல்லாரும் கொழந்த மூஞ்சியப் பாப்பாங்க, நீ இன்னாடான்னா துணிய மோந்து பாக்கற" என்றாள். "மூஞ்சி ஏமாத்திடும் பெரியம்மா. ஒங்க மூஞ்சியப் பாத்தா மருமகள அழ வுடறவங்க மாதிரியா இருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற மருமகள்தான் முதலில் சிரித்தாள்.

சில குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கும். மலம் வெள்ளையாகப் போகும், உடம்பு மஞ்சளாகும். அறுபது நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்க வழி உண்டு; தள்ளிப்போனால் கல்லீரல் கெட்டுவிடும். எங்கள் பக்கம் பெண் குழந்தையை மஞ்சள் தேய்த்துத்தான் குளிப்பாட்டுவார்கள். பூசிய மஞ்சளுக்கு அடியில் இருக்கிற மஞ்சளை யார் கண்டுபிடிப்பது? வெள்ளையாகப் போனால் தாய்ப்பால் நன்றாகச் செரிக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அதனால்தான் மலத்தின் நிறங்களைப் படமாக ஒட்டி அந்த அட்டையைச் செய்தார். பெஞ்சில் உட்காரும் தாயின் கண் நேராகப் படும் உயரத்தில் மாட்டினார். "நான் வராத புதன்கிழமைக்கு இதான் டாக்டர்" என்றார். ஏம்பலத்துப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசி வெள்ளப் படம் மாதிரிதான்க்கா எம்புள்ளைக்கும் போவுது" என்று ஓடிவந்தாள். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

அட்டை இல்லாததைக் கண்டதும் டாக்டரம்மா உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். "சான்றிதழ் வரட்டும் மேடம், அப்பறம் மாட்டிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

மூன்று வாரம் கழித்துப் பண்டசோழநல்லூரிலிருந்து ஒருத்தி தலைச்சன் பெண் குழந்தையோடு வந்தாள். நாற்பத்தைந்தாம் நாள் ஊசி. "குளிப்பாட்டிட்டு நேரா வர்றேன்க்கா. பாரு, எப்டி கலரா இருக்கா" என்றாள். பூசிய மஞ்சள் என்று நினைத்தேன். கண்ணை விரித்துப் பார்த்திருக்கலாம், துணியைக் கேட்டிருக்கலாம். செய்யவில்லை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரில் வெறும் சுவர்.

அடுத்த வாரம் டாக்டரம்மா வந்துபோனார். அன்று குழந்தைக்கு ஐம்பத்திரண்டு நாள். அது வீட்டில் இருந்தது. இரண்டாவது ஊசிக்கு ஒரு வாரம் தள்ளி, எண்பதாம் நாள்தான் கொண்டுவந்தாள். அன்று டாக்டரம்மா இருந்தார். துணியை விரித்தோம். வெள்ளைக் களிமண் மாதிரி இருந்தது. அவர் விரலை மடக்கி நாளை எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

அறுவை சிகிச்சை நடந்தது. பித்தம் இறங்கவில்லை. பத்தாவது மாதம் குழந்தை போய்விட்டது. இத்தனை வருடம் இதற்கென்றே உழைத்தவர், அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தாய் கேட்டாள்: "அன்னிக்கி அரை மணி நேரம் அங்கதான மேடம் ஒக்காந்துனு இருந்தேன். யாராச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" டாக்டரம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உங்களையும் காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன். அவள் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. உங்கள் சான்றிதழ் வந்துவிட்டது. அட்டையை மாட்ட அனுமதி கேட்டு எழுதினேன்; பதில் இல்லை. அனுமதி இல்லாமலே மாட்டினேன். அதற்கு மட்டும் உடனே மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் விளக்கம்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தாய்மார்கள் எல்லோரும் இருப்பார்கள். பண்டசோழநல்லூர்ப் பெண்ணையும் வரச் சொல்லியிருக்கிறேன். அறைக்குள் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஃபைலில் எழுத வேண்டாம். அத்தனை பேர் எதிரிலும் நின்று, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.