கரமனைப் பாலத்தில் திரும்பிய பஸ்

நாகர்கோவில் பஸ் ஓட்டும் வேதமாணிக்கத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கை காட்டிய ஆளைத் தாண்டி வண்டி நாலடி போய்விட்டால் போனது போனதுதான். மனுஷன் பின்னால் எடுக்கவே மாட்டார். "வேணும்னா ஓடி வந்து ஏறட்டும்" என்பார் கண்டக்டர் நேசையனிடம். வீம்பு! அந்த வீம்புதான் அவர் குடும்பத்தையும் தின்றது.

கல்யாணமான புதிதில் மாமியார், "சம்பாதிக்கத் துப்பில்லாதவன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். இவருக்குச் சுள்ளென்று ஏறியது. பெண்டாட்டி சுசீலாபாய் கைக்குழந்தையோடு வாசல் படலை வரைக்கும் வந்து கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாறசாலையை விட்டுக் கொழும்புக்குப் போனவர் லாரி ஓட்டக் கற்றார். ஒரு கடுதாசி போடவில்லை. கோபம் ஒரு மாசத்தில் ஆறிவிட்டது, வெட்கம்தான் ஆறவில்லை. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்கள். இவர் பல வருஷம் கழித்துப் பெட்ரோல் மணத்தோடு வந்தபோது பாறசாலை வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவள் எங்கே போனாள் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆரியசாலையில் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே ஓர் அறை எடுத்தார். தும்மித் தும்மியே தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடித்தால் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொள்வார். காய்ச்சலில் கிடந்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்க நாதியில்லை. அவள் மட்டும் ஒருமுறை கண்ணில் பட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று தனியாகப் பேசிக்கொள்வார்.

பஸ்ஸெல்லாம் சர்க்கார் கைக்குப் போவதற்கு முந்தின வருஷம், ஒரு திங்கட்கிழமை. கரமனைப் பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு பெண்பிள்ளை கை காட்டினாள். வண்டி வேகம் குறைந்தது. டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே தாழ்ந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். சுசீலாபாய்! அவருக்கு உறைப்பதற்குள் பஸ் பாலத்தைக் கடந்துவிட்டது.

"நேசையா, வண்டியத் திருப்பப் போறேன்."

"அண்ணாச்சி, ஒமக்கென்ன வட்டுப் புடிச்சிருக்கா? வண்டி நெறைய ஆளுண்டு!"

கோடதியில் வழக்குக்குப் போகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அகலமான இடம் பார்த்து வண்டியை வளைத்து, வந்த வழியே விட்டார். நிறுத்தி இறங்கி ஓடினார்.

"சுசீலா, என்ன மன்னிச்சிரு. செத்தாலும் இனி ஒங்கள விட்டுப் போமாட்டேன். புள்ள எப்படியிருக்கா?"

அவள் நிமிரவில்லை.

"பையப் பேசுங்க. புள்ளைக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்க அம்மாதான் அந்தா கடையில வெத்தல வாங்குதா. சேலை எடுக்கப் போறோம். நேத்து சபையில ஓலை வாசிச்சாச்சு."

சபையார் முன்னால் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் தகப்பன்மார் பேரோடு வாசிக்கும் ஓலை அது.

"என் பேரு?" என்றார் ஆசையாக.

"காலஞ்சென்ற வேதமாணிக்கம் மகள் ஜெயபாய்னு வாசிச்சாங்க. நெடுமங்காட்டுக்குக் குடிபோனப்பவே, நீங்க கொழும்புல செத்துப்போனதாச் சொன்னேன். பின்ன எப்படி வளக்க? புருஷன் விட்டுட்டுப் போனவளுக்க மகள எவன் கெட்டுவான்?" அவள் அழுதுவிட்டாள். "எம்புள்ளைக்க வாழ்வக் கெடுத்துராதீங்க."

வெற்றிலை வாங்கியவள் வந்துவிட்டாள். "ஆராக்கும் சம்மந்தி இந்த ஆளு? ஏன் அழுதீங்க?"

சுசீலாபாய் அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். இவள் புருஷன் நான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்! பஸ்ஸில் அத்தனை தலைகளும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நான் ஆருமில்ல. எனக்க தங்கச்சின்னு நெனச்சு வண்டியத் திருப்பிட்டேன். ஆளு மாறிப்போச்சு" என்றார் வேதமாணிக்கம். சுசீலாபாயைப் பார்த்துக் கைகூப்பினார். "பயந்துட்டீங்களா அம்மா? மன்னிக்கணும்."

பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. அவர் ஏறி உட்கார்ந்து, மறுபடியும் வண்டியைத் திருப்பினார்.